பெட்டி போட்ட பல்லெல்லாம் சொத்தைப் பல்லா?

போன ஐப்பசியில் ஒரு மழை மாலை. நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மா ஒருவர் தருமபுரியில் உள்ள என் கிளினிக்குக்கு வந்தார். வலி என்று எதுவும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் கைப்பேசியை நீட்டினார். வேறு ஊரில் ஒரு கிளினிக்கில் எடுத்த எக்ஸ்ரே படங்கள். ஆறு பற்களின் மேல் செம்மஞ்சள் நிறத்தில் சின்னச் சின்னப் பெட்டிகள். ஒவ்வொரு பெட்டியின் ஓரத்திலும் ஒரு சதவீத எண்.

"கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது டாக்டர், ஆறு பல்லும் சொத்தையாம். மொத்தத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். இங்கே கொஞ்சம் குறைத்துச் செய்து கொடுப்பீர்களா?"

அவர் கேட்டது விலையை. அதற்குப் பதில் சொல்வதற்கு முன்னால், அந்தப் பெட்டி என்றால் என்ன, அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதை அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. அன்று அவரிடம் சொன்னதையும், என்னோடு வேலை பார்க்கும் இளம் மருத்துவர்களிடம் அவ்வப்போது சொல்வதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். எக்ஸ்ரேயைப் பார்த்து இப்படிப் பெட்டி போடும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் பல் மருத்துவமனைக்குள் வந்துவிட்டது. அதை நல்ல முறையில் பயன்படுத்துவது எப்படி என்பது மருத்துவருக்கும் தெரிய வேண்டும், நாற்காலியில் வாயைத் திறந்து உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிய வேண்டும்.

பெட்டி எங்கிருந்து வருகிறது

ஆயிரக்கணக்கான பல் எக்ஸ்ரே படங்களைச் சேர்க்கிறார்கள். பல் மருத்துவர்கள் உட்கார்ந்து, "இங்கே சொத்தை, இங்கே எலும்பு தேய்ந்திருக்கிறது, இங்கே ஏற்கெனவே அடைத்த பல்" என்று ஒவ்வொரு படத்திலும் குறித்துக் கொடுக்கிறார்கள். மென்பொருள் அந்தப் படங்களையும் குறிப்புகளையும் திரும்பத் திரும்பப் பார்த்து, எந்த மாதிரியான கருமைக்கு மருத்துவர்கள் சொத்தை என்று பெயர் வைக்கிறார்கள் என்பதைப் பழகிக்கொள்கிறது. பிறகு புதிய படம் ஒன்றைக் கொடுத்தால், தான் பழகிய கருமையைப் போல இருக்கும் இடத்தில் ஒரு பெட்டியை வரைகிறது. அவ்வளவுதான் அதன் வேலை.

பெட்டியின் ஓரத்தில் 78 என்று இருந்தால், பல்லில் 78 சதவீதம் அழுகிவிட்டது என்று பொருள் இல்லை. பழகிய மாதிரியோடு இந்த இடம் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் தனக்குள் போட்டுக்கொள்ளும் மதிப்பெண் அது. எத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் பெட்டி போட வேண்டும் என்ற வரம்பை மனிதர்கள்தான் வைக்கிறார்கள். வரம்பைக் கொஞ்சம் இறக்கினால் ஆறு பெட்டி பத்தாகும், ஏற்றினால் மூன்றாகும். வாயில் ஒரு மாற்றமும் நிகழ்ந்திருக்காது.

பயிற்சிக்காகக் குறித்துக் கொடுத்த மருத்துவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு என்பதையும் மறந்துவிடக் கூடாது. தொடக்க நிலைச் சொத்தையைக் காட்டும் ஒரே படத்தை ஐந்து பல் மருத்துவர்களிடம் கொடுத்தால் ஐவரும் ஒரே பதிலைச் சொல்வது அபூர்வம். பல்லைக் குறுக்கே அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் உண்மை உறுதியாகத் தெரியும். உயிருள்ளவரின் வாயில் அதைச் செய்ய முடியாது. ஆகவே பெரும்பாலான மென்பொருள்கள் கற்றிருப்பது உண்மையை அல்ல, பல மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட கருத்தை. அது மதிப்புள்ளதுதான். ஆனால் அருள்வாக்கு இல்லை.

அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் இப்படிப்பட்ட பல் மென்பொருள்களுக்கு அனுமதி கொடுத்துவருகிறது. ஓவர்ஜெட் நிறுவனத்தின் எலும்பு மட்டத்தை அளக்கும் மென்பொருளுக்கு 2021-இல் அனுமதி கிடைத்தது. பேர்ல் நிறுவனத்தின் மென்பொருளுக்கு 2022-இல் கிடைத்தது. பிந்தையதன் பெயரே 'செகண்ட் ஒப்பீனியன்', அதாவது இரண்டாவது கருத்து. முதல் கருத்து ஒன்று இருந்தால்தானே இரண்டாவது கருத்துக்கு இடம்? அந்த முதல் கருத்து மருத்துவருடையது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல், நோயைக் கண்டறியப் பயன்படும் மென்பொருளும் மருத்துவச் சாதனம் என்ற வரையறைக்குள் வந்துவிட்டது. எனவே வாங்குகிறவர்கள், எந்த வகை எக்ஸ்ரேவுக்கு, எந்த வயதினருக்கு அது பரிசோதிக்கப்பட்டது என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பெரியவர்களின் படங்களில் பழகிய மென்பொருளிடம் பால் பற்கள் உள்ள ஏழு வயதுக் குழந்தையின் படத்தைக் கொடுப்பது நியாயமே இல்லை.

எக்ஸ்ரே ஒரு நிழல்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். மற்றவை எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன.

எக்ஸ்ரே படம் என்பது நிழல். உருண்டையான பல்லும் அதைச் சுற்றிய எலும்பும் ஒரு தட்டையான படத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. கனிமம் அடர்ந்த இடம் வெள்ளையாகவும் குறைந்த இடம் கருப்பாகவும் தெரியும். சொத்தை என்பது கனிமம் கரைந்த இடம் என்பதால் கருப்பாகத் தெரிகிறது. அதிலும் கனிமத்தில் 30 முதல் 40 சதவீதம் வரை கரைந்த பிறகுதான் படத்தில் தெளிவாகத் தென்படும் என்று கல்லூரியிலேயே சொல்லிக் கொடுப்பார்கள். ஆக, படத்தில் கருப்பு இல்லை என்பதால் சொத்தை இல்லை என்று ஆகிவிடாது. கருப்பு இருப்பதால் சொத்தைதான் என்றும் ஆகிவிடாது.

பல்லின் கழுத்தை எடுத்துக்கொள்வோம். பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல் முடிந்து, தாடை எலும்பு தொடங்குவதற்கு முன்னால் ஒரு குறுகிய பட்டை இருக்கிறது. மேலே எனாமல் தடுக்கிறது, கீழே எலும்பு தடுக்கிறது, நடுவில் அந்தப் பட்டையில் மட்டும் கதிர் சற்றுத் தாராளமாக ஊடுருவுகிறது. படத்தில் அந்த இடம் ஆப்பு வடிவில் கருத்துவிடும். பல் முழு ஆரோக்கியமாக இருந்தாலும் கருக்கும். இதைச் 'செர்விகல் பர்ன்அவுட்' என்று மூன்றாம் ஆண்டு மாணவர்களே படித்திருப்பார்கள். அந்த அம்மாவின் ஆறு பெட்டிகளில் ஒன்று இதுதான். ஆய்வுக் கம்பியை அந்த இடத்தில் மெல்ல ஓடவிட்டேன். கண்ணாடிமேல் ஓடுவதுபோல் வழுக்கிக்கொண்டு போனது. மெத்தென்ற இடமே இல்லை.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பல் சுத்தம் செய்துகொள்ள வந்தார். வழக்கம்போல் எடுத்த எக்ஸ்ரேயில், கீழ்த்தாடையின் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லின் வேர் நுனியில் வட்டமாக ஒரு கருமை. மென்பொருள் அதைச் சுற்றிப் பெட்டி போட்டு, வேர்நுனிப் புண் என்று எழுதியிருந்தது. வேர் நுனியில் புண் என்றால் பல்லின் உள்ளே நரம்பு செத்திருக்க வேண்டும், வேர் சிகிச்சை செய்தாக வேண்டும். உதவி மருத்துவர் அதற்கான கருவிகளை எடுத்து வைத்துவிட்டார். நானும் படத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். அந்தத் தலையாட்டலை இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மரத்துப்போக ஊசி போடுவதற்கு முன்னால் சும்மா ஒரு பனிக்கட்டிக் குச்சியை அந்தப் பல்லில் வைத்துப் பார்த்தேன். வைத்த மறுகணம் அவர் கையைத் தூக்கினார். எடுத்ததும் இரண்டு நொடியில் கூச்சம் போய்விட்டது. நல்ல நரம்பு அப்படித்தான் பேசும். தட்டிப் பார்த்தேன், வலியில்லை. எக்ஸ்ரே குழலைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தேன். முதல் படத்தில் வேர் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்த கரும் வட்டம், இரண்டாம் படத்தில் வேரை விட்டு விலகித் தனியாக நின்றது. உதட்டுக்கும் முகவாய்க்கும் போகும் நரம்பு தாடை எலும்பிலிருந்து வெளியே வருவதற்காக எல்லோருக்கும் இயற்கையாக ஒரு துளை இருக்கிறது. கோணத்தின் தற்செயலால் அதன் நிழல் வேர் நுனியின்மேல் விழுந்திருக்கிறது. புண் உண்மையில் வேரில் இருந்தால் எந்தக் கோணத்தில் எடுத்தாலும் வேரோடுதான் இருக்கும்.

மென்பொருளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதன் கையில் இருந்தது ஒரு நிழல் மட்டும்தான். பனிக்கட்டி என் கையில் இருந்தது. அதைத் தொட்டுப் பார்க்காமல் துளை போட்டிருந்தால், உயிரோடு இருக்கும் ஒரு பல்லைக் கொன்ற பொறுப்பு முழுவதும் என்னுடையதாக இருந்திருக்கும்.

நூற்றுக்குத் தொண்ணூறு என்றால் எவ்வளவு

விற்பனைக்கு வருகிறவர்கள், "எங்கள் மென்பொருள் நூற்றுக்குத் தொண்ணூறு சரியாகச் சொல்லும்" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிவதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை.

பல்லும் பல்லும் உரசும் பக்கங்கள் ஆயிரத்தை எடுத்துக்கொள்வோம். நன்றாகப் பல் துலக்குபவர்கள் அதிகமுள்ள கூட்டம், 50 பக்கங்களில் மட்டும் சொத்தை. மென்பொருள் சொத்தையுள்ளதில் 90 சதவீதத்தைப் பிடிக்கிறது, ஆகவே 45 சரியான பெட்டிகள். சொத்தையில்லாத 950 பக்கங்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது, மீதி 95 பக்கங்களில் தவறாகப் பெட்டி போடுகிறது. மொத்தம் 140 பெட்டிகள். அவற்றில் உண்மையானவை 45, மூன்றில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவு.

அதே மென்பொருளை, ஆயிரத்தில் 300 பக்கங்கள் சொத்தையான இன்னொரு கூட்டத்தில் வைத்துப் பாருங்கள். 270 சரியான பெட்டிகள், 70 தவறானவை. இப்போது ஐந்தில் நான்கு பெட்டிகள் உண்மை. மென்பொருள் மாறவில்லை, வந்தவர்கள்தாம் மாறினார்கள்.

இந்த ஒரு கணக்கு மனத்தில் பதிந்துவிட்டால் போதும், எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்று கேட்காமல் பெட்டியை நம்ப முடியாது. இனிப்புப் பழக்கம் உண்டா, வாய் உலர்ந்திருக்கிறதா, முன்பு எத்தனை பல் அடைத்திருக்கிறார்கள், எவற்றுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்ற பழைய கேள்விகளுக்கு இப்போதுதான் கூடுதல் வேலை வந்திருக்கிறது.

தவறான பெட்டியால் என்ன நட்டம் என்று ஒருவர் கேட்கலாம். எனாமல் வளர்வதில்லை. ஒருமுறை குடைந்த பல்லைக் குடையாத பல்லாக ஆக்க எந்த மருத்துவராலும் முடியாது. இன்றைக்குச் சின்ன அடைப்பு. சில ஆண்டுகளில் அதன் ஓரம் விட்டுப்போய்ப் பெரிய அடைப்பு. அதன் பிறகு வேர் சிகிச்சை, அதன்மேல் ஒரு தொப்பி. நல்ல பல் ஒன்று இந்த வரிசையில் காலடி வைக்கும் நாள், முதல் முறை அதில் டிரில் படும் நாள்தான். உண்மையான சொத்தையே ஆனாலும் எனாமலைத் தாண்டாமல், மேற்பரப்பு உடையாமல் இருந்தால் குடைய வேண்டிய அவசியமில்லை. ஃபுளோரைடு வார்னிஷ் பூசி, பல்லிடுக்கைச் சுத்தமாக வைக்கச் சொல்லிக் கொடுத்து, இனிப்பைக் குறைத்துக் கண்காணித்தால் பல சொத்தைகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. பெட்டி, "இங்கே ஏதோ இருக்கிறது" என்று சொல்லலாம். குடைவதா காத்திருப்பதா என்பதை அது சொல்லவில்லை.

முதலில் கண், பிறகு மென்பொருள்

எங்கள் கிளினிக்கில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். எக்ஸ்ரே திரையில் வந்ததும் மென்பொருளின் பெட்டிகள் மறைந்தே இருக்கும். மருத்துவர் தன் கண்ணால் பார்த்து, எந்தப் பல்லில் என்ன என்பதை முதலில் எழுதிவிட வேண்டும். அதன் பிறகுதான் பெட்டிகளைத் திறக்கலாம். இருவரும் ஒத்துப்போகும் இடங்களில் சிக்கல் இல்லை. வேறுபடும் இடங்கள்தாம் முக்கியம், அந்தப் பற்களை மறுபடி வாயில் பார்க்க வேண்டும்.

வரிசையை மாற்றினால் என்ன ஆகும் என்று உதவி மருத்துவர் ஒருமுறை கேட்டார். பெட்டியைப் பார்த்துவிட்ட பிறகு, அது இல்லாததுபோல் படத்தைப் பார்க்க மனிதக் கண்ணால் முடிவதில்லை. பெட்டி உள்ள இடத்தில் இல்லாத கருமை தெரியும். பெட்டி இல்லாத இடத்தில் இருக்கும் கருமை தெரியாமல் போகும். இரண்டாவதுதான் எனக்கு அதிகம் பயம் தருவது. அதோடு, இப்போது பட்டம் பெற்று வருகிற பிள்ளைகள் முதல் நாளிலிருந்தே பெட்டியோடு பழகினால், நிழலைத் தாங்களே படிக்கும் பயிற்சி அவர்களுக்கு எப்போது கிடைக்கும்?

மென்பொருளால் நன்மை இல்லை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். இரவு ஏழரை மணி, அன்றைய இருபதாவது நோயாளி, கண் எரிகிறது. மேல் கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தில் நான் தவறவிட்ட சொத்தையை மென்பொருள் காட்டிக் கொடுத்திருக்கிறது. திறந்து பார்த்தபோது, எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் அடுக்கில் பாதி வரை போயிருந்தது. ஈறு நோய்க்காரர்களுக்கு எலும்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்று ஒவ்வொரு பல்லாக அளப்பது சலிப்பான வேலை. அதைச் சில நொடிகளில், ஒவ்வொரு முறையும் ஒரே முறையில் அளந்து கொடுக்கிறது. இயல்பான நிலையில் எலும்பின் விளிம்பு எனாமல் முடியும் இடத்திலிருந்து 1.5 முதல் 2 மில்லிமீட்டர் கீழே இருக்கும். போன ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று ஒப்பிடுவதற்கு இந்த அளவு பெரிய துணை. ஆனால் எலும்பின் நிழல் கடந்த காலத்தின் கதை. ஈறு இன்றைக்கு வீங்கியிருக்கிறதா, தொட்டால் ரத்தம் வருகிறதா என்பதை அளவுக் கம்பியை ஈற்றுக்குள் விட்டுத்தான் அறிய முடியும்.

புதிய மென்பொருளை வாங்குவதற்கு முன் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. உங்களிடமுள்ள பழைய படங்களில், பல்லைத் திறந்து பார்த்து விடை தெரிந்துகொண்டவை இருக்கும் அல்லவா? அப்படி ஐம்பதோ நூறோ எடுத்து, பெயர்களை நீக்கிவிட்டு, மென்பொருளிடம் கொடுத்துப் பாருங்கள். உங்கள் ஊர்க்காரர்களின் பற்களில், உங்கள் எக்ஸ்ரே கருவியின் படங்களில் அது எங்கே தடுமாறுகிறது என்பது தெரிந்துவிடும்.

இதைச் சொல்லும்போது எனக்கு எட்மண்ட் கெல்ஸ் நினைவுக்கு வருகிறார். ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தது 1895-இல். அடுத்த ஆண்டே அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில் கெல்ஸ் அதைப் பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். ஒவ்வொரு முறையும் கதிர் சரியாக வருகிறதா என்று சோதிக்கத் தன் கையையே கதிரின் முன்னால் நீட்டிப் பார்த்தார். அன்றைக்கு அதன் தீங்கு யாருக்கும் தெரியாது. கையில் புற்றுநோய் வந்தது, விரல்கள் போயின, கை போயிற்று. தாங்க முடியாத வேதனையில் 1928-இல் தம் உயிரைத் தாமே முடித்துக்கொண்டார். இன்று எக்ஸ்ரே இல்லாத பல் மருத்துவம் இல்லை. ஆனால் ஈயத் திரையும் கதிர் அளவுக் கட்டுப்பாடும் கெல்ஸ் போன்றவர்களின் உடலில் கற்றுக்கொண்ட பாடங்கள். புதிய கருவி வரும்போது அதன் ஆற்றல் முதலில் கண்ணில் படுகிறது, தீங்கு மெதுவாகத்தான் தெரியவருகிறது. இந்த முறை பாடத்தை நோயாளியின் உடலில் கற்றுக்கொள்ள நமக்கு உரிமையில்லை.

விலைப்பட்டியலாக மாறும் பெட்டி

மென்பொருள் விளம்பரங்களில், "நோயாளிகள் சிகிச்சைக்குச் சம்மதிப்பது கூடும்" என்ற வாசகத்தை அடிக்கடி பார்க்கிறேன். கூடும்தான். நான் அரை மணி நேரம் வாயால் சொல்லி நம்பாதவர், திரையில் வண்ணப் பெட்டியைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார். அதனால்தான் அந்தப் பெட்டியை அத்தனை கவனமாகக் கையாள வேண்டும் என்கிறேன். உண்மையைப் புரியவைக்க அதைக் காட்டலாம். பயத்தை ஏற்றிப் பணத்தை வாங்க அதைக் காட்டுவது, வெள்ளை அங்கியை வைத்து மிரட்டுவதற்குச் சமம்.

"கம்ப்யூட்டர் சொன்னது" என்ற வாக்கியத்தை எங்கள் கிளினிக்கில் யாரும் சொல்லக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நான் பார்த்தேன், எனக்கு இப்படித் தோன்றுகிறது, மென்பொருளும் இந்த இடத்தைக் காட்டுகிறது, நான் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறேன்" என்பதுதான் நேர்மையான பேச்சு. மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று 1995-இலேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. சிகிச்சை தவறிப்போனால் பதில் சொல்ல வேண்டியவர் மென்பொருள் அல்ல, கையுறை போட்டவர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2023-இல் வெளியிட்ட செயற்கை நுண்ணறிவு நெறிமுறைகளும் மனிதக் கண்காணிப்பையும் பொறுப்பேற்பையும் வலியுறுத்துகின்றன.

நோயாளிகளுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பல்லின்மேல் பெட்டி விழுந்தால் பதற வேண்டாம். இது எனாமலோடு நிற்கிறதா, டென்டினுக்குள் போய்விட்டதா என்று கேளுங்கள். வாயில் பார்த்தபோதும் தெரிந்ததா என்று கேளுங்கள். ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் எவரும் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார்.

படத்தில் விழாதவை

உலகில் வாய்ப் புற்றுநோய் வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இந்தியர்கள். புகையிலையும் பாக்கும்தான் பெருங்காரணங்கள். பல் எக்ஸ்ரேயில் கன்னத்தின் உட்புறம் தெரியாது, நாக்கின் ஓரம் தெரியாது. பாக்குப் பழக்கத்தால் கன்னம் வெளிறி இறுகி, வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காமல் போகிற இளைஞர்களைப் பார்க்கிறேன். மென்பொருள் அவர்களுடைய படத்தில் ஒரு பெட்டியும் போடாமல் இருக்கக்கூடும். திரையில் எல்லாம் நலம் என்று வந்த பிறகும், கன்னத்தை விரலால் இழுத்து, நாக்கைத் துணியால் பிடித்து நீட்டி இரு ஓரங்களையும் பார்ப்பதற்கு இரண்டு நிமிடம் போதும். திரை அந்த இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடக் கூடாது.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது அதற்காகத்தான். அதற்கு முன்னால் ஆழ்துளைக் கிணற்று நீர் குடித்து வளர்ந்தவர்களின் பற்களில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் காப்பி நிறத்திலும் திட்டுகள் இருக்கும். கைப்பேசியில் பல்லைப் படம் பிடித்துக் கொடுத்தால் சொத்தையைச் சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன. தொடக்கச் சொத்தையும் வெள்ளைத் திட்டுதான், ஃபுளோரைடு கறையும் வெள்ளைத் திட்டுதான். இப்படிப்பட்ட பற்களைப் பழகாத செயலி இரண்டையும் குழப்பிக்கொள்ளும். ஃபுளோரைடு திட்டு பெரும்பாலும் இரண்டு பக்கப் பற்களிலும் சமமாக, பல்லின் குறுக்கே கோடு கோடாகப் பரவியிருக்கும். சொத்தையின் வெள்ளை, அழுக்குத் தங்கும் ஈற்றோரத்தில் பிறை போல் படிந்திருக்கும். உள்ளூர் மருத்துவர் கண்டதும் சொல்லிவிடுவார். எந்த ஊர் மக்களின் பற்களில் கற்றாய் என்று செயலியிடம் கேட்க முடியாது, அதை விற்கிறவரிடம் கேட்கலாம்.

சாட்ஜிபிடி போன்ற உரையாடல் செயலிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பின் கடைப்பிடிக்க வேண்டியவற்றை எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லலாம், படித்துத் திருத்திக் கொடுக்கலாம். மருந்து விஷயத்தில் மட்டும் அதன் சொல்லை அப்படியே எடுக்கக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்தை எழுதினால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். நோயாளி வார்ஃபரின் சாப்பிடுகிறார் என்பதை நீங்கள் கேட்டுத் தெரிந்து சொல்லாவிட்டால் செயலிக்கு அது எப்படித் தெரியும்? வீட்டில் இருப்பவர்களும் ஒன்றைக் கவனியுங்கள். நாக்கின் அடியில் வீக்கம், காய்ச்சல், விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் கைப்பேசியிடம் கேட்டுக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நோயாளியின் படத்தை இலவசச் செயலிகளில் ஏற்றுவது, வாட்ஸப் குழுவில் போட்டுக் கருத்துக் கேட்பது ஆகியவை நம் ஊரில் மிகச் சாதாரணமாகிவிட்டன. பெயரை வெட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். ஸ்கேன் கோப்புகளுக்கு உள்ளேயே பெயரும் பிறந்த தேதியும் பதிந்திருக்கும். பல்லே ஓர் அடையாளம்தான். 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர்கள் பலரைப் பல் பதிவுகளைக் கொண்டுதான் அடையாளம் கண்டார்கள். 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைப் பயன்படுத்தச் சம்மதத்தை அடிப்படையாக வைக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், வாயைத் திறந்து காட்டியவர் நம்மை நம்பித்தான் காட்டினார்.

அந்த அம்மாவின் ஆறு பெட்டிகள்

ஒன்று கழுத்துக் கருமை என்று சொன்னேன். இரண்டு பற்களில் சொத்தை டென்டினுக்குள் போயிருந்தது, அவற்றை அந்த வாரமே அடைத்தேன். மீதி மூன்றும் எனாமலோடு நின்றிருந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கே சந்தேகம் இருந்ததால், இரண்டு பற்களுக்கு நடுவே சிறு ரப்பர் வளையத்தை வைத்து அனுப்பினேன். மூன்று நாள் கழித்து வளையத்தை எடுத்தபோது நூலளவு இடைவெளி விழுந்திருந்தது. விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். மேற்பரப்பு மங்கிய வெள்ளையாக இருந்தது, உடையவில்லை. மூன்றுக்கும் வார்னிஷ் பூசி, பல்லிடுக்குத் தூரிகையைப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன். மென்பொருள் என்ன காட்டியது, நான் என்ன கண்டேன், ஏன் காத்திருக்க முடிவு செய்தேன் என்று மூன்று வரிகளை அவருடைய அட்டையில் எழுதி, அவரையும் படிக்கச் சொன்னேன். ஆறு மாதம் கழித்து வந்து மறுபடி வார்னிஷ் பூசிக்கொண்டார்.

இந்த ஐப்பசியில் திரும்ப வந்தார். பல்லைக் கடித்துக்கொண்டு எடுக்கும் பைட்விங் படத்தை அதே கோணத்தில் எடுத்துப் போன ஆண்டுப் படத்தோடு வைத்துப் பார்த்தேன். இரண்டு பற்களில் நிழல் அப்படியே நின்றிருந்தது. மூன்றாவதில் எனாமலைத் தாண்டி உள்ளே போயிருந்தது, அதை அடைத்துவிட்டேன். மென்பொருள் இரண்டு ஆண்டும் மூன்று பற்களுக்கும் ஒரே மாதிரிப் பெட்டியைத்தான் போட்டிருந்தது.